சாகுபடி என்னும் பிழை

1

இக்கதை ஒரு புகாரில் பிறந்தது. புகாரை எழுதியவன் நான். அதற்காக நான் வருந்துவேன் என்று எதிர்பார்க்கும் வாசகர் இப்போதே எழுந்து போகலாம்; வருந்தவில்லை. ஆரணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்தவன், தன் வீட்டுச் சமையலறையிலிருந்து ‘அவன் கண்கள் சுருங்கியது’ என்று ஒரு கைப்பேசி நாள்தோறும் உரக்கச் சொல்வதைக் கேட்டும் வாய்மூடி இருந்தால், அவன் உண்ணும் சோறு செரிக்காது. கண்கள் என்பது பன்மை. சுருங்கின. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

கைப்பேசி என் மனைவி சுபலட்சுமியுடையது. செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் பயிற்சி செய்யும்போதும் கீரை ஆயும்போதும் அவள் கேட்பது ஒரு சீனத் தொடர்கதை. ‘கதைக்குளம்’ என்னும் செயலியில் அது தமிழில் வருகிறது. படிக்கலாம், மொழிபெயர்ப்பாளரின் குரலிலேயே கேட்கவும் கேட்கலாம். தலைப்பு, ‘தொன்னூறு வானங்களின் சாகுபடியாளன்’. தலைப்பிலேயே இரண்டு பிழைகள். தொண்ணூறு என்பதற்கு மூன்றுசுழி ணகரம் வேண்டும். இரண்டாம் பிழையைப் பற்றியதே இக்கதை.

முதலில் இதை இவ்வாறு தொடங்கியிருந்தேன்:

‘பட்டுக்குப் பேர்போன ஆரணியில், தறிகளின் தாளத்துக்கு நடுவே, ஒரு காலைப்பொழுதில்—’

[கைவிட்டேன். ஆரணியைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் தறியின் தாளத்தில்தான் தொடங்குகிறார்கள். எங்கள் தெருவில் அதைவிட மிகுதியாகக் கேட்பது தண்ணீர் மோட்டார்.]

பிறகு இவ்வாறு:

‘சீனத்தில் ஒரு மலை. மலைமேல் ஒரு கிழவர். முந்நூறு ஆண்டுகளாகச் சாகுபடி செய்துவந்தார். ஆனால் அவரிடம் ஓர் ஏர்கூட இல்லை—’

[இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் கைவிடுகிறேன். சிரிப்பில் தொடங்கினால் என் சினத்தைப் பொய் என்று எண்ணிவிடுவீர்கள்.]

ஆகவே சினத்திலேயே தொடங்கிவிட்டேன்.

2

அறியாதவர் பொருட்டுச் சுருக்கமாகக் கூறுகிறேன். இவ்வகைச் சீனக் கதைகளில் ஓர் ஏழைச் சிறுவன் இருப்பான். அவன் மூச்சை அடக்கி, வானிலும் மண்ணிலும் உள்ள ஆற்றலை உடலுக்குள் இழுத்து, படிப்படியாக வலிமை பெற்று, கடைசியில் சாவையே வெல்வான். இந்தப் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் இட்டிருக்கும் சொல் பயிர்த்தொழிலையும் குறிக்கும். நம் மொழியில் தவம் இருக்கிறது, நோன்பு இருக்கிறது, யோகம் என்றாவது எழுதியிருக்கலாம். ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தார், கண்ணில் முதலில் பட்டது சாகுபடி, எடுத்து வைத்துவிட்டார்.

விளைவைப் பாருங்கள். ‘மூத்தவர் குகைக்குள் நுழைந்து, கதவை அடைத்துக்கொண்டு, அறுபது ஆண்டுகள் சாகுபடி செய்தார்.’ குகைக்குள் என்ன விளையும்? காளான் விளையும். ‘உன் சாகுபடியை அழித்துவிடுவேன்!’ என்று பகைவன் மிரட்டும் இடத்தில் எனக்குக் காட்டுப்பன்றியின் நினைவு வந்தது. ஆணும் பெண்ணும் இணைந்து செய்யும் ஒரு பயிற்சி வருகிறது. அதை ‘இருபோகச் சாகுபடி’ என்று எழுதியிருக்கிறார். நூல் முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான் பிழை, பிழையாகவே நின்று உண்மையைச் சொல்லிவிட்டது. அதைச் சொல்லிச் சிரிக்க என் வயது இடம்தரவில்லை. சொல்லாமல் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, சாகாதிருப்பதற்காக ஒருவன் செய்யும் செயலுக்குச் ‘சாகு’ என்று தொடங்கும் சொல்லா? அது தெலுங்கு வழியாக வந்த சொல், சாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை நான் அறிவேன். காதுக்கு அது தெரியாது.

சொல்லை விடுங்கள். கதையாவது கதையா? நாயகன் பெயர் லுவோ.*

* லகரம் தமிழில் மொழிமுதல் வாராது. ‘உலுவோ’ என்று எழுதியிருக்க வேண்டும். புகாரில் இதையும் குறித்தேன்.

லுவோ தாய்தந்தை அற்றவன். ஒரு மடத்தில் தண்ணீர் சுமக்கிறான். செருக்குள்ள இளைஞன் ஒருவன் அவனை அவமதிக்கிறான். லுவோ அவனை அடிக்கிறான். சுற்றி நின்றவர்கள் ‘குளிர்ந்த காற்றை உள்ளிழுத்தார்கள்’. பிறகு அந்த இளைஞனின் தகப்பன் வருகிறான். அவனையும் அடித்தால் தாத்தா வருகிறார். தாத்தாவையும் அடித்தால், பல நூறு ஆண்டுகளாகக் கல்லறைக்குள் தூங்கிய முப்பாட்டன் எழுந்து வருகிறார். ஒவ்வொருவரும் ‘நீ சாவைத் தேடுகிறாய்!’ என்கிறார்கள், ஒவ்வொரு முறையும் ஊரார் குளிர்ந்த காற்றை உள்ளிழுக்கிறார்கள். சித்திரை மாதத்தில், ஆரணியில், மின்வெட்டு நேரத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் நிலையை எண்ணிப்பாருங்கள். பெண்கள் எல்லாரும் பனியால் செய்யப்பட்டவர்கள். மோதிரத்துக்குள் ஒரு வீடே அடங்குகிறது. உடல் பதமாதல், மூச்சுத் திரளல், கடைக்கால், பொற்கொட்டை என்று நிலைகள். நிலைதோறும் ஒன்பது அடுக்குகள். அடுக்குதோறும் ஓர் அடிதடி. நாவல் என்று இதைச் சொல்லாதீர்கள். இது மாடிப்படி.

இவ்வளவையும் எழுதி, வல்லினம் மிகாத இடங்களையும் மிகையாக மிகுந்த இடங்களையும் தனியே இணைத்துக் கதைக்குளத்துக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. தொடரை நிறுத்திவைத்துவிட்டார்கள். என்னைப் போன்ற ஒருவர் நூலின் நிறைகுறைகளை ஆராய்ந்து அறிக்கை தந்தால், அதைக் கொண்டு, இதே மொழிபெயர்ப்பாளரைத் தொடரச் செய்வதா, பணியை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடுவதா என்று முடிவு செய்வார்களாம். அந்தப் பதிலிலும் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தித் திருப்பி அனுப்பினேன்.

3

இங்கே மொழிபெயர்ப்பாளர் கதைக்குள் வர வேண்டும். அவரை முதலில் இவ்வாறு உள்ளே விட்டேன்:

‘மெலிந்த தேகமும் கலங்கிய கண்களுமாக, வாயிற்படியில் தயங்கி நின்ற புஷ்பலதா, “ஐயா, என் பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்களே” என்று விம்மி—’

[அடித்துவிட்டேன். இந்தப் பெண்ணை நான் எந்த வார இதழிலிருந்தோ எடுத்து வந்திருக்கிறேன். உண்மையில் வந்தவர் இப்படிப்பட்டவர் அல்லர்.]

உண்மையில் வந்தவர் ஸ்கூட்டரை எங்கள் கேட்டில் இடிப்பதுபோல் நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கூடத்துக்குள் வந்தார். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும்.

“தமிழ் ஐயா வூடு இதானுங்களா?”

“ஆம். தாங்கள்?”

“நான்தான் உங்க ‘கண்கள் சுருங்கியது’.”

கதைக்குளம் என் புகாரைப் பெயரோடும் ஊரோடும் அவருக்கே அனுப்பியிருந்தது. நான் எழுந்து நின்றேன். அமரச் சொன்னேன்.

“வேணாங்க ஐயா. நின்னுகினே திட்டிட்டுப் போயிடறேன். உக்காந்தா மரியாதை வந்துடும்.”

என்னிடம் படித்தவராக இருந்துவிடுவாரோ என்னும் அச்சம் எனக்கு ஒரு கணம் இருந்தது. படித்தவர் அல்லர். ஆங்கில இலக்கியம் படித்தவர்; முள்ளிப்பட்டில் இருக்கிறார்; கணவர் தணிகாசலம் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார். இவற்றை எல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டவள் சுபலட்சுமி. குரலைக் கேட்டதும் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யம்மா, நீதானா அது? அதே கொரலு! லுவோ இன்னா ஆனாம்மா? கெணத்துல எறங்கினானே, அதோட நிக்குது.”

“உங்க வூட்டுக்காரரக் கேளுங்கம்மா. அவருதான் கெணத்த மூடனாரு.”

சுபலட்சுமி என்னைப் பார்த்தாள். புகார் எழுதியதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. செவிலியர்கள் ஊசி போடுவதற்கு முன்பு பார்க்கும் பார்வை அது.

காப்பி வந்தது. காப்பி வந்தால் உட்கார்ந்தே ஆக வேண்டும், புஷ்பலதா உட்கார்ந்தார். நான் அச்சிட்டு வைத்திருந்த பக்கங்களை எடுத்தேன்.

“‘சுவற்றில் சாய்ந்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சொல் சுவர். சுவரில் என்றே வர வேண்டும்.”

“நாங்க செவுத்துலன்னுதான் சொல்றோம். அப்பிடியே போட்டுடட்டுங்களா?”

“‘முயற்சித்தான்’ என்று ஒரு சொல் இல்லை. முயன்றான்.”

“சரிங்க. முயன்றான்.”

“‘அருகாமை’ என்றால் அருகில் இல்லாமை என்று பொருள்படும்.”

“ஐயய்யோ. அப்ப அவ பக்கத்துல படுத்துகினு இருந்தான்னு எழுதனது?”

“அவன் எங்கோ தொலைவில் படுத்திருந்தான் என்று ஆகும்.”

“அதான் அந்த அத்தியாயத்துக்கு ஒருத்தரும் கமெண்ட்டு போடல.” சுபலட்சுமியும் அவரும் சேர்ந்து சிரித்தார்கள். என் வீட்டுக்குள் இருவர் ஓர் இலக்கணப் பிழைக்குச் சிரித்ததை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். அதைப் பாராட்டாகக் கொள்வதா, அவமதிப்பாகக் கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அவர் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். கண்கள் சுருங்கின, சரி. தொண்ணூறு, சரி. ஒற்று எல்லாவற்றையும் நானே பார்த்துத் தரலாம், அதுவும் சரி. பிறகு சொன்னார்:

“எல்லாத்தையும் மாத்திக்கோங்க. ஒன்னு மட்டும் நான் உட மாட்டேன்.”

“எது?”

“சாகுபடி.”

“அதுதான் புகாரின் முதல் பிழை.”

“தெரியும்.”

“அறிந்து எழுதினீர்களா, அறியாமல் எழுதினீர்களா?”

“மொதல்ல தெரியாமத்தாங்க. டிக்சனரில முன்னாடி கெடந்துச்சி, எடுத்துக்கினேன். கொஞ்ச அத்தியாயம் போனப்புறம்தான் ‘அடடா, இது வேறயாச்சே’ன்னு தெரிஞ்சிச்சி. அதுக்குள்ள ஜனங்க அந்தச் சொல்லப் புடிச்சிக்கினாங்க.”

“தவறு என்று தெரிந்த பின்னுமா?”

“தெரிஞ்சப்புறம்தாங்க எனக்கே புடிச்சிச்சி. தவம்னு போட்டா யாருங்க ஞாபகம் வராங்க? தாடி வெச்சிகினு, காட்டுல உக்காந்துகினு, கோவம் வந்தா சாபம் உட்டுகினு ஒரு ஆளு. அவங்கள்ல நம்ம ஆளு எவனாச்சும் உண்டா? நீங்களே சொல்லுங்க ஐயா.”

என்னிடம் விடை இருந்தது.

[முந்தைய வாக்கியம் பொய். ஆயினும் இலக்கணப் பிழை அற்றது, ஆகவே விட்டுவைக்கிறேன்.]

அவர் கேட்டதன் சாரம் இதுதான். கதைக்குளம் கேட்கும் அறிக்கையில் அவரைத் தொடரவிடலாம் என்று நான் எழுத வேண்டும். சாகுபடி என்னும் சொல்லைத் தொடாதிருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் நூல் இயந்திரத்துக்குப் போய்விடும். அறிக்கைக்குக் கெடு வெள்ளிக்கிழமை.

“உங்களால போச்சி. நீங்கதான் கட்டணும்,” என்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே சொன்னார். “பேஜாரா இருக்குதுங்க, தெனமும் பத்துப் பேரு ‘கதை எங்க, கதை எங்க’ன்னு கேட்டுகினு.”

4

இந்த இடத்தில் வாசகருக்கு ஓர் ஐயம் எழலாம்: ‘நீர் அறிக்கையை எழுதாமல் ஏன் கதையை எழுதிக்கொண்டிருக்கிறீர்?’ ஐயம் நியாயமானது. அறிக்கையில் குறை என்னும் பகுதி முடிந்துவிட்டது. நிறை என்னும் தலைப்புக்குக் கீழே தாள் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறுமையைப் பார்க்கச் சகியாமல் இதை எழுதுகிறேன்.

சுபலட்சுமி எனக்குத் தண்டனை ஒன்று விதித்தாள்.

“நீங்கதான நிறுத்துனீங்க? இங்கிலீஷ்ல முழுசும் இருக்குதாமே. நீங்களே படிச்சி எனக்குச் சொல்லுங்க. ஜல்தி. அவன் கெணத்துலயே நிக்கிறான்.”

எதையும் நடுவில் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை; ஆகவே முதல் அத்தியாயத்திலிருந்தே தாவித் தாவிப் படித்தேன். அவள் வெங்காயம் உரிக்கும்போது சொன்னேன். ஆங்கிலம் மோசமாக இருந்தது என்பதைப் பெருமகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். ஆனால் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொள்ள எனக்குச் சற்றும் விருப்பமில்லை: ஒரு மாலை, அவள் கேட்காமலே, அடுத்த அத்தியாயத்தையும் படித்தேன். லுவோ தண்ணீர் சுமக்கிறான். மடத்தில் எல்லாருக்கும் பிறவியிலேயே ‘வேர்’ இருக்கிறது, இவனுக்கு இல்லை. பிறர் ஒரு மாதத்தில் பெறுவதை இவன் ஓராண்டு முட்டிமோதிப் பெறுகிறான். ஒவ்வோர் அடுக்கையும் அவனே ஏறுகிறான், ஒருவரும் தூக்கிவிடுவதில்லை. மாடிப்படி என்று எள்ளினேன் அல்லவா? எள்ளலைத் திரும்பப் பெறவில்லை. மாடிப்படிதான். ஆனால் ஏறுகிறவன் கால் உண்மையான கால்.

பிறகு நானூற்றுப் பதின்மூன்றாம் அத்தியாயம் வந்தது. புஷ்பலதா நிறுத்திய இடத்துக்கு அடுத்தது.

கிணற்றின் அடியில் ஒரு கல்வெட்டு. அதன்மேல் லுவோவின் குருதி சிந்துகிறது. குருதி பொன்னிறமாக ஒளிர்கிறது. அவன் அநாதை அல்லனாம். தொண்ணூறு வானங்களையும் ஆண்ட பேரரசரின் மகனாம். பகைவருக்கு அஞ்சி மறைத்து வைக்கப்பட்டவனாம். அவனுக்கு வேர் இல்லை என்பது பொய். உலகிலேயே உயர்ந்த வேர் அவனுக்குத்தானாம். இத்தனை நாளும் ஏறியது அவன் அன்று, அவன் குருதிதானாம்.

சொல்லி முடித்தேன். சுபலட்சுமி கத்தியைக் கீழே வைத்தாள்.

“இன்னாங்க இது? அவனும் பெரிய எடத்துப் புள்ளையா?”

“ஆம்.”

“அப்ப தண்ணி சுமந்தது?”

“அது ஒரு மாறுவேடம் போலும்.”

“தூ,” என்றாள்.

நான் பல ஆண்டுகள் திறனாய்வு நூல்கள் படித்திருக்கிறேன். இதைவிடச் செறிவான திறனாய்வைக் கண்டதில்லை. ஒற்றெழுத்துக்காக நான் சினந்த சினமெல்லாம் எனக்கே சிறியதாகத் தோன்றியது. அந்தச் சீன எழுத்தாளரைக் கண்முன் நிறுத்திக் கேட்கத் தோன்றியது: ஐயா, உழைத்தவன் உயர்வான் என்று நானூறு அத்தியாயங்கள் எங்களை நம்பவைத்துவிட்டு, கடைசியில் ‘பிறந்தவனே உயர்வான்’ என்று சொல்வதற்குச் சீனத்திலிருந்து வர வேண்டுமா? அது எங்களிடமே வேண்டிய மட்டும் இருக்கிறதே.

5

மறுநாள் முள்ளிப்பட்டுக்குப் போனேன்.

[எதற்காகப் போனேன் என்பதைப் பாத்திரப் படைப்பின் முறைப்படி இங்கே விளக்க வேண்டும். விளக்க முடியவில்லை. போனேன்.]

முன்னறையில் தணிகாசலம் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா ஓரமாக அமர்ந்து பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தார். கதை ஓடவேண்டிய கைப்பேசி சன்னலில் ஊமையாக இருந்தது.

“இவருதான் கதைய நிறுத்துனவரா?” என்று கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாத்தா அப்பிடித் தெரியலியே.”

“பாத்தா தெரியாதுக்கா,” என்றார் தணிகாசலம். “பேசனாத் தெரியும்.”

“வணக்கம்,” என்றேன்.

“பாத்தியா?” என்றார் தணிகாசலம்.

கன்னியம்மாவுக்கு என்மேல் வேறு குறை ஒன்றும் இருந்தது. “அவன் கடைக்கால் நெலையிலயே எம்மாம் நாளு கெடந்தான்! எங்க வூடும் கடைக்கால் போட்டதோட நிக்குது. அவன் மேல ஏறிட்டான், சரி, நம்முளுதும் ஏறும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க அவனக் கெணத்துல தள்ளிட்டீங்க.”

“அம்மா, அவனைக் கிணற்றில் இறக்கியவர் ஆசிரியர். நான் அல்லன். மேலும், அந்தக் கிணற்றில்—”

“ஐயா!” என்று உள்ளிருந்து வந்த புஷ்பலதா என் பேச்சை வெட்டினார். “செத்த வெளிய வாங்க.”

வாசலில், ஸ்கூட்டர் அருகே நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்: “படிச்சிட்டீங்களா?”

“படித்தேன்.”

“அவங்க யாருக்கும் தெரியாது. சொல்லிடாதீங்க.”

“நான் சொல்லாவிட்டாலும் அடுத்த அத்தியாயத்தில் நீங்களே சொல்லித்தானே ஆக வேண்டும்?”

“நான் அத எழுத மாட்டேன்.”

“மூலத்தில் இருக்கிறது.”

“இருக்கட்டும். கெணத்துல எறங்கறான், கல்லு இருக்குது, ரத்தம் பட்டுது, கதவு தொறந்துச்சி, மேல போறான். அவ்ளோதான். பொன்னும் கெடையாது, ராசாவும் கெடையாது. நான் எழுதினா அவன் யாரு புள்ளையும் இல்ல. கடைசி வரைக்கும்.”

“இது மொழிபெயர்ப்பு அன்று அம்மா. பொய்.”

“ஆமாங்க, பொய்தான்.” சற்றும் தயங்காமல் சொன்னார். “எங்க தாத்தா பேரு சடையன். தேசூர்ப் பக்கம். சாவற வரைக்கும் அடுத்தவங்க சேத்துல எறங்கி நட்டாரு, அறுத்தாரு, சொமந்தாரு. ஆனா அந்த நெலத்துல சாகுபடி பண்ணது யாருன்னு கேட்டா, வரப்புல கொடை புடிச்சிகினு நின்னவரு பேரத்தான் ஊரே சொல்லும். எங்க தாத்தாவுக்குப் பேரு கூலியாளு. இந்தக் கதையில எறங்கிப் பண்றவன்தாங்க சாகுபடியாளன். எனக்கு அந்தச் சொல்லு அதுக்குத்தான். இப்ப அவனும் வரப்புல நின்னவரு புள்ளைன்னு எங்கொரல்லயே நான் படிக்கணுமா? கன்னியம்மா கேட்டுகினு இருக்கும்போது?”

ஸ்கூட்டர் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. என் தந்தையின் பெயரும் எந்த வரப்பின்மேலும் நின்றதில்லை. [இவ்வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். கதைக்கு வேண்டாதது. ஆனால் ஒவ்வொரு முறையும் அடுத்த வாக்கியம் நிற்க மறுத்தது.]

“எப்படியும் ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்,” என்றேன்.

“கண்டுபுடிக்கட்டும். அதுவரைக்கும் பொய்யா இருந்தாலும், உங்க எலக்கணத்தோட எழுதிடறேன். சந்தோசமா?”

6

இனி முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு, அ. நான் ஒப்புதல் தருகிறேன். புஷ்பலதா தொடர்கிறார். லுவோ யாருக்கும் மகனாகாமல் மேலே ஏறுகிறான். முள்ளிப்பட்டின் தறிகள் மகிழ்ச்சியாக ஓடுகின்றன. [கேட்க இனிக்கிறது, ஆகவே ஐயுற வேண்டும். ஆங்கிலத்தையும் தமிழையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவன் எங்கும் இருப்பான். சேத்துப்பட்டில் ஓர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் இந்நேரம் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். அவர் புகார் எழுதுவார். நான் அவராயின் எழுதுவேன்.]

முடிவு, ஆ. இயந்திரம் வருகிறது. கதைக்குளம் எனக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நானூற்றுப் பதின்மூன்றாம் அத்தியாயத்தின் இயந்திர வடிவத்தை அனுப்பியிருந்தது. சிவப்பு மையை நிரப்பிக்கொண்டு அமர்ந்தேன். ‘அவனுடைய கண்கள் சுருங்கின’ என்று இருந்தது. சுவரில் என்று இருந்தது. முயன்றான் என்று இருந்தது. சாகுபடி இருந்த இடங்களில் எல்லாம் ‘ஆன்மிகப் பயிற்சி’. ‘அவன் பேரரசரின் மைந்தன், அவனது குருதி பொன்னாய் ஒளிர்ந்தது.’ ஒற்றுகூடத் தப்பவில்லை. என் புகாரை அளவுகோலாக வைத்தால் வென்றது இயந்திரமே. பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தேன். எழுத ஒன்றும் இல்லை. சுபலட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். “யாருங்க செத்துட்டாங்க?” என்றாள். “அறிவிப்பு மாதிரி இருக்குது.” [இந்த முடிவைக் கைவிட இலக்கணக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயினும் கைவிடுகிறேன்.]

முடிவு, இ. சுபலட்சுமி சொன்னது: “அந்த ஒரு அத்தியாயத்த நீங்களே எழுதிட்டா இன்னா?” எழுதினேன். ‘உலுவோ கிணற்றினுள் இறங்கினான். அவனுக்குக் குலமும் இன்று. குடியும் இன்று—’ என்று தொடங்கினேன். [‘இன்று’ என்றால் இங்கே ‘இல்லை’ என்று பொருள். ‘இல்லை’ என்றே எழுதியிருக்கலாம்.] நான்கு பக்கம் எழுதிப் படித்துக் காட்டினேன். “யாருங்க உலுவோ? உளுத்தம்பருப்பு மாதிரி,” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். நல்ல தமிழ் ஒரு மனிதனை எவ்வாறு கொல்லும் என்பதற்கு அந்நான்கு பக்கங்களும் சான்று. அவற்றை இங்கே தர மாட்டேன்.

7

எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். அறிக்கையின் குறைப்பகுதி பதினொரு பக்கம். ஒரு வரியைக்கூட நான் தளர்த்தவில்லை. முப்பாட்டன்கள், குளிர்ந்த காற்று, பனிப் பெண்கள், மோதிரங்கள், நானூற்றுப் பதின்மூன்றாம் அத்தியாயத்தின் பொற்குருதி: இவை அனைத்தும் குறைகளே. அந்தக் கடைசிக் குறையை அடிக்கோடிட்டேன்.

நிறைப்பகுதியில் ஒரே ஒரு பத்தி. நம் இலக்கணத்தில் வழு என்று ஒன்று உண்டு. வழுவமைதி என்றும் ஒன்று உண்டு. ஆசையாய் வளர்த்த பசுவைக் காட்டி ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவன் சொன்னால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன பிழை அது. ஆனால் அதற்கு ஒரு காரணம், அன்பு, இருப்பதால் பெரியோர் அதைப் பிழை என்று தள்ளாமல் அமைத்துக்கொண்டார்கள். காரணம் இல்லாத பிழை வழு. காரணம் உள்ள பிழை வழுவமைதி. ஆகவே, ‘இந்நூலில் சாகுபடி என்னும் சொல் வழுவமைதியாகக் கொள்ளத்தக்கது, மாற்றற்க’ என்று எழுதினேன். எழுதியபின் இரண்டு முறை படித்தேன். சரியாக இருக்கிறது. எந்தப் புலவரும் வரட்டும், வாதிடுவேன்.

ஆனால் பிழைக்கு அமைதி உண்டு, பொய்க்கு இல்லை. கதைக்குளம் அனுப்பிய படிவத்தின் கடைசிக் கேள்வி இது: ‘இம்மொழிபெயர்ப்பாளர் இனிவரும் அத்தியாயங்களையும் மூலத்துக்கு மாறாமல் தருவார் என்று உறுதியளிக்கிறீர்களா?’ ஆம். இல்லை. இரண்டில் ஒன்றைச் சுழிக்க வேண்டும்.

‘இல்லை’ என்று சுழித்தால் நான் உண்மை சொன்னவன். கன்னியம்மா நூல் சுற்றும் அறையின் சன்னலில் அந்த இயந்திரம், ஒரு பிழையும் இல்லாமல், லுவோ யாருடைய மகன் என்று அறிவிக்கும். ‘ஆம்’ என்று சுழித்தால் வாழ்நாளில் முதன்முறையாக, தவறு என்று தெரிந்தே ஒரு விடைக்குச் சரி போட்டவன் ஆவேன். இன்று வெள்ளிக்கிழமை. சுபலட்சுமி இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

என் மாணவர்க்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன்: தொடங்கிய தொடரை வினைமுற்றால் முடிக்க வேண்டும். எச்சத்தில் விட்டவனுக்கு மதிப்பெண் இல்லை. அந்த மதிப்பெண்ணை இப்போது நான் இழக்கிறேன். முற்றுவினை ஒன்று இக்கதைக்குக் கீழே காலியாக இருக்கிறது. உங்களிடம் ஒன்று இருந்தால் இடுக. ஆனால் இயற்பெயரோடு இடுக. பிறகு மறுக்கக் கூடாது.

படிவத்தை எடுத்து, கடைசிக் கேள்வியை வாய்விட்டுப் படித்து, ‘உறுதியளிக்கிறீர்களா’ என்பதில் பிழை ஒன்றும் இல்லை என்று கண்டு, சிவப்பு மையை ஒதுக்கி நீல மைப் பேனாவைத் திறந்து, புஷ்பலதா எழுதப்போகும் பொய்யில் ஓர் ஒற்றுகூடப் பிசகாது என்பதை மட்டும் உறுதியாக அறிந்து,